கணினித் தேர்வைக் கணினியில் வையுங்கள், அதை அரூரிலேயே வையுங்கள்

கணினித் திறன் சான்றிதழ் தேர்வுகளை நடத்தும் அதிகாரிகள் அனைவருக்கும்,

வணக்கம்.

தருமபுரி மாவட்டம் அரூரில் 22 வருஷமாகத் தட்டச்சு, கணினிப் பயிலகம் நடத்தி வருகிறேன். கீழே 16 டைப்ரைட்டர், மாடியில் 10 கம்ப்யூட்டர். சித்தேரி மலை, கோட்டப்பட்டி, தீர்த்தமலை, மொரப்பூர் என்று நாலா பக்கமிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்ததும் தட்டச்சின் கீழ்நிலையான லோயரில் சேருவார்கள். அடுத்த நிலையான ஹையர் முடித்த கையோடு மாடியேறிக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார்கள். எல்லோருக்கும் கண் ஒரே இடத்தில்தான்: டிஎன்பிஎஸ்சி குரூப் 4. அதில் தட்டச்சர் வேலைக்குத் தட்டச்சுச் சான்றிதழோடு, தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வழங்கும் சிஓஏ என்கிற கணினிச் சான்றிதழும் வேண்டும். கையில் இல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் வேலை கிடைத்தபின் தகுதிகாண் பருவத்துக்குள் வாங்கிக் கொடுத்தாக வேண்டும். இந்தச் சான்றிதழை நம்பி எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகள் காத்திருக்கின்றன. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதத் துணிந்தேன்.

கணினித் தேர்வுகளைத் தாளிலிருந்து இணையவழிக்கு மாற்ற வேண்டும் என்ற பேச்சு ரொம்ப நாளாகவே இருக்கிறது. மத்திய அரசின் என்.ஐ.இ.எல்.ஐ.டி. நிறுவனம் நடத்தும் சிசிசி என்கிற அடிப்படைக் கணினித் தேர்வு ஏற்கெனவே கணினியில்தான் நடக்கிறது. 100 கேள்வி, 90 நிமிஷம், மாதாமாதம் தேர்வு. மற்றவையும் மாறட்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் எப்படி மாறப்போகிறது, யாரை விட்டுவிட்டு மாறப்போகிறது என்ற கவலை எனக்கு நிறையவே உண்டு.

முதலில், ஏன் மாற வேண்டும் என்று நான் நினைக்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி, காலையில் கிளாஸ், மத்தியானத்துக்கு மேல் ஒரு டிடிபி கடையில் வேலை. கல்யாணப் பத்திரிகை கவர்களுக்கு முகவரி அடிப்பதில் கெட்டிக்காரி. கடைக்காரர் ஒரு நோட்டைக் கொடுப்பார், அதில் 300 பெயர் இருக்கும். எக்செல்லில் அதை அடித்து, வேர்டில் மெயில் மெர்ஜ் போட்டு (ஒவ்வொரு கவரிலும் ஒவ்வொரு முகவரி தானாகவே வந்து உட்காரும் வசதி அது), பிரிண்டருக்கு அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாள். அவள் ஒரு சான்றிதழ் தேர்வுக்குப் போனாள். தாளில் கேள்வி: மெயில் மெர்ஜ் என்றால் என்ன, அதன் படிநிலைகளை விளக்குக. அவளுக்கு எழுத வரவில்லை. 'கை போற வழி தெரியுது மேடம், அதுக்கு என்ன பேருன்னு தெரியலை' என்று வந்து அழுதாள். எழுத்துத் தேர்வில் ஃபெயில்.

அதே பேட்ச்சில் ஒரு பையன் கைடு புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவன். படிநிலைகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை பிசகாமல் எழுதி நல்ல மார்க் வாங்கினான். ரிசல்ட் வந்த மாதமே என் பயிலகத்துக்கு ஒரு சின்ன வேலை வந்தது, ஐம்பது பேருக்கு ஒரே கடிதம். செய்து கொடுடா என்று உட்கார வைத்தேன். ஒவ்வொரு பெயராக அழித்து அழித்து அடித்துக்கொண்டிருந்தான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தேர்வு அவனிடம் கேட்டதை அவன் கொடுத்துவிட்டான், அவ்வளவுதான்.

பிராக்டிகல் என்று தனியாக இருக்கிறதே என்பீர்கள். சரி, இருக்கிறது. ஆனால் பல தேர்வுகளில் பிராக்டிகலும் கடைசியில் ஒரு பிரிண்ட் அவுட்டில் போய் முடிகிறது. அந்தத் தாளைப் பார்த்து மார்க் போடுகிறார்கள். தலைப்பை நடுவில் வைக்க அதற்குரிய பட்டனை அழுத்தினாளா, ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நகர்த்தினாளா என்பது தாளில் தெரியாது. சம்பளப் பட்டியலில் மொத்தத்தை ஃபார்முலா போட்டு எடுத்தானா, செல்போன் கால்குலேட்டரில் கூட்டி எண்ணை மட்டும் அடித்தானா என்பதும் தெரியாது. ஃபைலைத் திறந்தால் ஒரே நொடியில் தெரிந்துவிடும். தேர்வு கணினிக்குப் போவதில் எனக்குப் பெரிய ஆசையே இதுதான். ஃபைல் அப்படியே உங்கள் கைக்கு வரும். அதன் உள்ளே பார்த்து மார்க் போடலாம். ஃபார்முலா இருக்கிறதா, பக்க அளவு சரியா, அட்டவணை அட்டவணையாகவே இருக்கிறதா என்பதையெல்லாம் ஒரு நிரலே சரிபார்த்துவிடும். மனிதர் பார்க்க வேண்டியது மிச்சம் கொஞ்சம்தான்.

ஆனால் நான் பயப்படுவதும் இங்கேதான். இணையவழித் தேர்வு என்றதும் எல்லோரும் கையில் எடுப்பது நான்கு விடை கொடுத்து ஒன்றைக் கிளிக் செய்யச் சொல்லும் கேள்வி. நடத்துவது சுலபம், திருத்துவது அதைவிடச் சுலபம். மெயில் மெர்ஜ் எந்த டேப்பில் இருக்கிறது, அ, ஆ, இ, ஈ. அந்தக் கைடு பையன் இதிலும் பாஸாவான், அந்தப் பெண் இதிலும் தடுமாறுவாள். தாளில் இருந்த மனப்பாடம் திரைக்குக் குடிபெயர்ந்தால் யாருக்கு என்ன லாபம்? கொள்குறி வினா கொஞ்சம் இருக்கட்டும், பாஸ்வேர்டு பாதுகாப்பு, வைரஸ், மோசடி மெயிலை அடையாளம் காண்பது போன்றவற்றுக்கு அது பொருந்தும். மார்க்கில் பெரும்பங்கு செய்து காட்டும் வேலைக்கு இருக்க வேண்டும்.

பாலக்கோடு மண்டியில் தக்காளி ஒரு வாரம் விற்ற விலையைக் கொடுங்கள். சராசரி எடு, அதிகபட்சம் எடு, ஒரு வரைபடம் போடு, அதைக் கடிதத்துக்குள் ஒட்டி வட்டாட்சியருக்கு ஒரு பக்க அறிக்கை தயார் செய் என்று கேளுங்கள். அலுவலகத்தில் நாளைக்கு அவள் செய்யப்போவது இதைத்தான். எந்த மெனுவில் போய்ச் செய்தாள் என்று கேட்காதீர்கள். என் மாடியில் பழைய ஆபீஸ் 2007 ஓடுகிறது. உங்கள் மையத்தில் புதிது இருக்கும். சில பள்ளிகளில் லிப்ரே ஆபீஸ் இருக்கும். பட்டன் இருக்கும் இடம் மாறும், வேலை மாறாது.

அடுத்தது தமிழ் தட்டச்சு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சென்னையில் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது ஒரு பிரச்சினையாகவே தெரிவதில்லை.

என் பிள்ளைகள் கீழே டைப்ரைட்டரில் தமிழ் லோயர் படித்துவிட்டு மேலே வருகிறார்கள். டைப்ரைட்டரில் எழுத்து கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடிக்க வேண்டும். 'கொ' என்றால் முதலில் கொம்பு, அப்புறம் க, கடைசியில் கால். மூன்று அடி. மாடிக்கு வந்து தமிழ்99 விசைப்பலகையில் உட்கார்ந்தால் க அடித்து ஒ அடித்தால் போதும், 'கொ' வந்துவிடும். க-வை இரண்டு தரம் தட்டினால் புள்ளி தானாகவே விழுந்து 'க்க' ஆகிவிடும். நல்ல விசைப்பலகை, சந்தேகமே இல்லை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசே ஏற்றுக்கொண்டது. ஆனால் ஆறு மாதமாகக் கொம்பை முதலில் தேடிப் பழகிய விரலுக்கு அது வேறு ஊர். வேகம் நிமிஷத்துக்கு 30 வார்த்தையிலிருந்து எட்டு, ஒன்பதுக்கு இறங்கிவிடும். நான் கண்ணால் பார்க்கிறேன், தினமும்.

இதோடு எழுத்துரு குழப்பம் வேறு. எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்து மாறாமல் தெரியும் யூனிகோடு குறியீட்டை அரசு 2010-லேயே முறையான தரம் என்று அறிவித்துவிட்டது, கூடவே டேஸ்16 என்ற இன்னொரு தமிழ்க் குறியீட்டையும். ஆனாலும் வானவில், பாமினி என்று பழைய எழுத்துருவில் அடித்த ஃபைல்கள் இன்னும் எங்கள் பக்கத்து டிடிபி கடைகளில் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்தக் கடைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு அந்த விசைமுறைதான் கையில் ஊறியிருக்கிறது.

அதனால் என் கோரிக்கை இது. தேர்வு மென்பொருளில் தமிழ்99, பழைய தட்டச்சு முறை இரண்டும் இருக்கட்டும். எது வேண்டும் என்று மாணவரே தேர்வு தொடங்குமுன் திரையில் தேர்ந்தெடுக்கட்டும். எதில் அடித்தாலும் உள்ளே யூனிகோடாகவே சேமியுங்கள், அதில் ஒன்றும் சிரமம் இல்லை. இரண்டு நிமிஷம் அடித்துப் பழக ஒரு காலிப் பக்கம் கொடுங்கள். அந்தக் காலிப் பக்கத்தில் போகும் நேரத்தைத் தேர்வு நேரத்தில் கழிக்காதீர்கள். ஒரே முறைதான் இனி என்று முடிவெடுத்தால், இரண்டு வருஷம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நாங்கள் அதிலேயே பழக்கி அனுப்புகிறோம். தேர்வறையில் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலை மட்டும் வேண்டாம்.

இப்போது ஊர் விஷயத்துக்கு வருகிறேன்.

சில வருஷத்துக்கு முன்னால் சித்தேரிப் பெண் ஒருத்திக்கு ஒரு கணினிச் சான்றிதழ் தேர்வு இணையவழியில் வந்தது. மையம் சேலத்தில். காலை ஏழரைக்குள் வாசலில் நிற்க வேண்டும் என்று ஹால் டிக்கெட்டில் போட்டிருந்தது. மலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் அந்த நேரத்துக்குச் சேலம் போய்ச் சேர முடியாது. அதனால் முதல் நாள் சாயங்காலமே அவளும் அவள் அப்பாவும் இறங்கி வந்து என் வீட்டில் தங்கினார்கள். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, மஞ்சவாடிக் கணவாய் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அது எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. ஆனால் சேலம் பஸ் டவுன் பஸ் இல்லையே. இரண்டு பேருக்கு டிக்கெட், சேலத்தில் மையத்தைத் தேடி ஆட்டோ, காலைச் சாப்பாடு, அவள் அப்பாவுக்கு இரண்டு நாள் கூலி போனது. எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் தேர்வுக் கட்டணத்தைவிட அதிகம்.

மையத்தில் நடந்தது அதைவிட மோசம். தேர்வு தொடங்கி இருபது நிமிஷத்தில் கரண்ட் போனது. யுபிஎஸ் சில கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் வேலை செய்தது, இவள் உட்கார்ந்திருந்தது அதில் இல்லை. திரும்ப வந்தபோது திரை முதல் கேள்வியில் நின்றது. மேற்பார்வையாளர் 'மறுபடி போடும்மா' என்றார். மீதி நேரம் எவ்வளவு என்று அவருக்கும் தெரியவில்லை. பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வில்கூடக் கலங்காத பெண், வெளியே வந்து அப்பாவிடம் 'என்னால்தான் தப்பு' என்று சொல்லியிருக்கிறாள். மவுஸை ஏதோ தப்பாக அழுத்தியதால்தான் எல்லாம் போய்விட்டது என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். அப்படியில்லை என்று நான் புரிய வைக்க இரண்டு வாரம் ஆயிற்று.

இதைத் தடுப்பதற்கு ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் தேவையில்லை. மையத்துக்குள்ளேயே ஒரு சர்வர் வைத்து, கேள்விகளைப் பூட்டிய நிலையில் முன்கூட்டியே அதில் இறக்கிவிடலாம். தேர்வு நேரத்தில் திறவுகோல் மட்டும் வந்தால் போதும். அப்புறம் வெளியே நெட் போனாலும் உள்ளே தேர்வு ஓடும். ஒவ்வொரு விடையும், செய்முறை ஃபைல் அரை நிமிஷத்துக்கு ஒரு முறையும், அந்த சர்வரில் சேமிக்கப்பட வேண்டும். ஒரு கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் மாணவி பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து, மிச்ச நேரத்தோடு தொடரலாம். பெரிய தேர்வுகளில் இது இன்று சாதாரண நடைமுறை. எங்கள் பிள்ளைகள் எழுதும் தேர்வுக்கும் அதே தரம் வேண்டும். யுபிஎஸ்ஸும் ஜெனரேட்டரும் எல்லா இருக்கைக்கும் வேலை செய்கிறதா என்று தேர்வுக்கு முதல் நாள் மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்துவிட்டுத்தான் மையத்துக்கு அனுமதி கொடுங்கள்.

சரி, மையம் எங்கே வைப்பது? அரூரில் இடம் இல்லை என்று சொல்ல வேண்டாம். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் என்கிற கணினி அறை இருக்கிறது. கம்ப்யூட்டர், நெட், கேமரா எல்லாம் அரசே போட்டது. சனி, ஞாயிறு அறை சும்மாதான் கிடக்கிறது. பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, பாலக்கோடு எல்லா வட்டத்திலும் இப்படிப் பள்ளிகள் உண்டு. பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அஞ்செட்டிப் பிள்ளைகளின் நிலையும் எங்களைப் போலத்தான். மையத்தை ஓசூரில் போட்டால் 'அதே மாவட்டம்தானே' என்று காகிதத்தில் சரியாக இருக்கும். ஆனால் அஞ்செட்டியிலிருந்து தேன்கனிக்கோட்டைக்கு வருவதே யானை நடமாடும் காட்டுவழி. இருட்டில் புறப்பட எந்தத் தாய் சம்மதிப்பாள்? வட்டத்துக்கு ஒரு மையம் என்பதே கணக்காக இருக்கட்டும்.

அதுவும் முடியாத இடத்துக்குத் தேர்வே நடந்து வரலாம். நீட் குளறுபடிக்குப் பிறகு 2024-ல் இஸ்ரோவின் முன்னாள் தலைவர் கே. ராதாகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு அமைத்த குழு, எட்டாத ஊர்களுக்கு நடமாடும் தேர்வு மையங்களைப் பரிந்துரைத்தது. அவ்வளவு பெரிய தேர்வுக்கே யோசிக்கிறார்கள். ஒரு பஸ்ஸில் இருபது லேப்டாப் ஏற்றிக்கொண்டு சித்தேரிக்கு வருவது நமக்குக் கஷ்டமா? தட்டச்சுத் தேர்வுக்கு நாங்கள் மெஷின்களைச் சாக்குப்போட்டுக் கட்டி, டாடா ஏஸில் ஏற்றி, மையத்துக்குக் கொண்டுபோய் இறக்கித்தான் பிள்ளைகளை எழுத வைக்கிறோம். ஒரு டைப்ரைட்டரைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு லேப்டாப் ஒரு பாரமே இல்லை.

வீட்டிலிருந்தே கேமரா வழியாக எழுதலாம் என்று மட்டும் தயவுசெய்து முடிவு செய்துவிடாதீர்கள். 2020-ல் ஆன்லைன் கிளாஸ் நடந்தபோது சிக்னலுக்காகப் பாறை ஏறி உட்கார்ந்த பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள். ஒரே அறை வீட்டில் தம்பி குறுக்கே நடந்தால் கேமரா அதைக் காப்பி என்று கணக்கெழுதும்.

இன்னொன்று. இப்போது வருகிற பிள்ளைகளில் பலர் செல்போனில் வளர்ந்தவர்கள். போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், ஓகே பட்டனை மானிட்டர் மேலேயே விரலால் தொட்டுவிட்டு, ஒன்றும் நடக்கவில்லையே என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூன்றே வாரத்தில் மவுஸ் அவளுக்குக் கைப்பழக்கம் ஆகிவிட்டது. பழக்கம் கிடைத்தால் போதும், எங்கள் பிள்ளைகள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. அதற்குத்தான் மாதிரித் தேர்வு மென்பொருள் கேட்கிறேன். நிஜத் தேர்வில் வரும் அதே திரை, அதே பட்டன்கள். நெட் இல்லாமலும் ஓட வேண்டும், என் மாடியில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரிலும் ஓட வேண்டும். முதல் தேர்வுக்கு ஆறு மாதம் முன்னால் எல்லாப் பயிலகத்துக்கும், பள்ளிக்கும், நூலகத்துக்கும் இலவசமாகக் கொடுங்கள்.

பார்வை இல்லாத பிள்ளைகளுக்குக் கணினித் தேர்வு உண்மையிலேயே ஒரு வரம். தாளில் எழுத ஆள் தேட வேண்டும். கணினியில் என்விடிஏ என்கிற இலவச மென்பொருள் தமிழையும் படித்துக் காட்டும், அவர்களே எழுதலாம். உங்கள் தேர்வுத் திரை அந்த மென்பொருளோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு பார்வையற்ற மாணவரை உட்கார வைத்துச் சோதித்துவிட்டு வெளியிடுங்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிஷம் கூடுதல் நேரம் என்ற விதி கணினித் தேர்வுக்கும் பொருந்தும், கடிகாரம் அதற்கேற்ப ஓட வேண்டும்.

தேர்வு கணினிக்கு வந்தபின் வருஷத்துக்கு இரண்டு முறைதான் என்று காத்திருக்க வைக்கவும் காரணம் இல்லை. கேள்வி வங்கி இருக்கிறது, லேப் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வைக்கலாம். கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு வருகிற பெண்கள் ஒரு தேர்வைத் தவறவிட்டால் ஆறு மாதம் போகிறது. அந்த ஆறு மாதத்தில் வீட்டில் எத்தனையோ மாறிவிடும், திரும்ப வராமலே போய்விடுகிறார்கள். அப்படிப் போனவர்களின் சேர்க்கைப் படிவங்கள் என் பீரோவில் ஒரு கட்டு இருக்கிறது.

என்னைப் போன்ற பயிலகம் நடத்துகிறவர்கள் மேலும் உங்களுக்குச் சந்தேகம் இருக்கும். அது நியாயம்தான், எல்லா இடத்திலும் நேர்மையாக நடக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். அதனால் என் பிள்ளைகள் எழுதும் அறைப்பக்கம் என்னை விடாதீர்கள். மேற்பார்வைக்கு வேறு வட்டத்து ஆசிரியர்களைப் போடுங்கள். ஒவ்வொருவருக்கும் கேள்வி வரிசையும், செய்முறையில் வரும் எண்களும் மாறி வரட்டும். ஃபைலில் யார், எத்தனை மணிக்கு என்ன செய்தார் என்ற பதிவும் இருக்கட்டும்.

ஒரே ஒரு முன்னோட்டம் நடத்திப் பாருங்கள் என்பதுதான் நான் உடனடியாகக் கேட்பது. வருகிற கோடை விடுமுறையில், அரூரில் ஏதாவது ஒரு அரசுப் பள்ளி ஹைடெக் லேப்பில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சான்றிதழ் வேண்டாம், மார்க்கும் வேண்டாம், சும்மா ஒரு ஒத்திகை. சித்தேரியிலிருந்தும் கோட்டப்பட்டியிலிருந்தும் முப்பது பிள்ளைகளை நான் அழைத்து வருகிறேன். நடுவில் ஒரு தடவை மெயின் சுவிட்சையும் அணைத்துப் பார்த்துவிடலாம். தேதியை மட்டும் இரண்டு வாரம் முன்னால் சொல்லுங்கள், மலையிலிருந்து வருகிறவர்களுக்குத் தகவல் போய்ச் சேர அவ்வளவு நாள் ஆகும்.

இப்படிக்கு,
தட்டச்சு, கணினிப் பயிலக ஆசிரியை ஒருவர்,
அரூர், தருமபுரி மாவட்டம்